பதினாலு அங்குலச் சுவர்

மே 4, திங்கள்

இன்று கத்திரி ஆரம்பம். இருபத்தைந்து நாள். வேலூரிலேயே பிறந்து வேலூரிலேயே அறுபத்திரண்டு கத்திரியைப் பார்த்தவளுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. இந்த வருடம் அவருக்கு மட்டும்தான் ஆபத்து.

விஷயத்தை நேராக எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஜனவரியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். தங்கினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். காப்பி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு எண்ணூறு மில்லி, அதற்கு மேல் ஒரு மடக்கு கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நூறு மில்லி பிடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று வைத்திருக்கிறேன். எட்டு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் சமையலறைக் கதவில் சாக்கட்டியால் ஒரு கோடு.

குளிர்காலத்தில் எட்டு கோடு போதுமாக இருந்தது. நேற்று நாற்பத்தொரு டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த டம்ளர் நாலு மணிக்கு. "மரகதம், ஈரத்துணி ஒண்ணு குடு, உதட்டுல வச்சிக்கிறேன்" என்றார். கொடுத்தேன். துணியைச் சப்பினார். பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

"ரூம் ஜில்லுனு இருந்தா தாகம் பாதியா குறையும். ஏசி போட்டுடுங்க" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து மூன்று நாளாக யோசித்தேன். இன்று முடிவு செய்துவிட்டேன். போடுகிறோம்.

மே 5, செவ்வாய்

டயாலிசிஸ். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் மூன்று கிலோ நூறு ஏறியிருக்கிறார். எல்லாம் தண்ணீர். இரண்டரைக்கு மேல் போகக்கூடாது.

சாயங்காலம் அறையை அளந்தேன். நீளம் பன்னிரண்டடி, அகலம் பத்தடி நாலங்குலம். மேலே மொட்டைமாடி, வெயில் நேராக அறையும். ஒன்றரை டன் வேண்டும். கடைக்காரர் ஒரு டன் போதும் என்றார். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் வரைவாளராக இருந்தவளிடம் அளவைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. ஒன்றரை டன்தான் வருகிறது.

மே 6, புதன்

ஏசி மாட்டுகிறவர் வந்தார். பெயர் இம்தியாஸ். நாற்பது வயதிருக்கும், காதில் பென்சில். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இன்டோர் இங்க மாட்டிடலாம்மா. அவுட்டோர எங்க வைக்கறது?"

வாசல் பக்கம் மேற்கு வெயில். கொல்லைப் பக்கம் குளியலறையைச் சுற்றிப் போகவேண்டும். மிச்சம் கிழக்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மூன்றடிச் சந்து, நாள் முழுக்க நிழல். சந்தில் வையுங்கள் என்றேன்.

"நல்ல எடம்தான். அந்தப் பக்கம் ஒரு தடவ போயி பாத்துக்கினு வந்துடறேம்மா."

"தேவையில்ல. பிளான் இருக்குது."

பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினேன். நானே வரைந்தது. சுவர் ஒன்பது அங்குலம், சந்து மூன்றடி, எல்லாம் சிவப்பு மையில். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"மேல தகடு போட்டிருக்காங்கம்மா. கீழ ஒண்ணும் தெரியல."

"மழைக்குப் போட்டிருப்பாங்க. கீழ சும்மாதான் கெடக்குது."

"சொந்தக்காரங்கதான? ஒரு வார்த்த கேட்டுட்டா..."

"அந்த வீட்டுப் படிய நாங்க மிதிக்கறதில்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டார். மேலே உத்திரம் போவதால் அங்கே துளை போட முடியாதாம். குழாயைச் சுவர் மூலையிலேயே கீழே இறக்கி, கட்டில் உயரத்தில் வெளியே தள்ளுவார்.

மே 7, வியாழன்

அந்த வீட்டைப் பற்றி எழுதவேண்டாம் என்றிருந்தேன். இம்தியாஸ் அந்த மாதிரி பார்த்துவிட்டுப் போனதால் எழுதுகிறேன்.

இது ஒரே வீடாக இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரும் அவர் தம்பி ஏகாம்பரமும் பாகம் பிரித்தார்கள். மேற்கு எங்களுக்கு, கிழக்கு அவர்களுக்கு, நடுவில் சந்து இருவருக்கும் பொது. வீட்டிலேயே வரைவாளர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நான்தான் வரைந்தேன். ஏகாம்பரம் கட்டட மேஸ்திரி. பிளானைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இந்தச் சுவர் ஒம்பது அங்குலம் இருக்காது போலருக்கே" என்று தலையைச் சொறிந்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். "நீங்க சொன்னா சரிதான்" என்று விட்டுவிட்டான்.

அவன் பெண்டாட்டி கஜலட்சுமி விடவில்லை. பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில், "அளக்கறவங்க கையில டேப் இருந்தா அவங்க பக்கம் அரையடி கூடத்தான் வரும்" என்றாள். முப்பத்தொரு வருடத்தில் என் பிளானைத் தாசில்தார்கூடக் கேள்வி கேட்டதில்லை. சுவரை ஓட்டை போட்டு அளந்து காட்டச் சொன்னாள். ஓட்டை போட்டு அளக்க நான் எலியா என்று கேட்டேன். பேச்சு அத்தோடு முடிந்தது. சந்துப் பக்கம் எங்களுக்கு இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தோம்.

அண்ணன் தம்பியும் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று நான் சொன்னதே இல்லை. இவராகத்தான் நிறுத்திக்கொண்டார்.

மே 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு இம்தியாஸ் வட்டமாகத் துளை போடுகிற மெஷினோடு வந்தார். இவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். ஒன்பது அங்குலம் போனது. வெளியே வரவில்லை. பத்து. பதினொன்று.

"ஒம்பதுன்னீங்களேம்மா."

"போடுங்க."

வேறு நீளமான ராடு மாட்டினார். பன்னிரண்டு. பதின்மூன்று. அதற்கப்புறம் சுவர் திடீரென்று விட்டுக்கொடுத்தது. அந்தப் பக்கம் தகர டப்பா ஒன்று விழுந்து உருண்டது. அரிசி கொட்டுகிற சத்தம். சந்தில் அரிசி எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது.

"யாருப்பா அது, ஊட்ட இடிக்கறது?"

ஒன்பது வருடமானாலும் கஜலட்சுமியின் குரல் எனக்குத் தெரியாதா? இம்தியாஸ் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். முகமெல்லாம் செங்கல் தூள்.

"அம்மா, இது சந்து இல்ல. ரூமு."

பொதுச் சந்தைத் தகடு போட்டு அறையாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பொது எடத்த யார கேட்டு அடச்சாங்கன்னு கேளுங்க இம்தியாஸ்" என்றேன்.

"அடுத்தவங்க சுவத்த யார கேட்டு ஓட்ட போட்டாங்கன்னு நீயே கேளுப்பா" என்றது ஓட்டை.

"இது எங்க சுவருன்னு சொல்லுங்க."

"ரூமு எங்களுதுன்னு சொல்லுப்பா."

பாவம் அவர், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் ஒன்றரையடிகூட இருக்காது. கடைசியில் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டார். கூடத்திலிருந்து இவர், "அந்தப் பக்கம் ஏகா இருக்கறானா?" என்று கேட்டார். தெரியவில்லை, அவன் பெண்டாட்டி குரல்தான் கேட்கிறது என்றேன்.

இனிமேல் அவுட்டோர் மொட்டைமாடியில்தான். ஓட்டையில் பழைய துண்டைத் திணித்து, மேலே காலண்டரை மாட்டிவிட்டேன். சிமெண்ட் பூச அடுத்த வாரம் ஆள் பார்க்கவேண்டும்.

சுவர் பதினாலு அங்குலம் இருக்கிறது. பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர், அப்படித்தான் இருக்கும்.

மே 10, ஞாயிறு

சுவரைப் பற்றி இன்று எழுத ஒன்றுமில்லை.

மே 11, திங்கள்

மாட்டியாகிவிட்டது. இம்தியாஸ் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. சில பேர் கேஸைத் திறந்துவிட்டே குழாயிலிருக்கிற காற்றைத் துரத்திவிட்டுப் போய்விடுவார்களாம். இம்தியாஸ் பம்ப் வைத்து உறிஞ்சி, மீட்டர் முள் இறங்குகிறவரை அரை மணி நேரம் மாடி வெயிலில் உட்கார்ந்திருந்தார். இன்டோரை மட்டம் பார்த்துத் தண்ணீர் வடிகிற பக்கம் ஒரு நூல் அளவு சாய்த்தார். அவுட்டோருக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்து நிழல் கட்டினார். அளந்து வேலை செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடிகிற தண்ணீர் கொல்லையில் ஒரு வாளியில் விழுகிறது. கறிவேப்பிலைக்கு ஆகும்.

மூன்று மணிக்குப் போட்டோம். வெளியே நாற்பத்திரண்டு. உள்ளே கால் மணியில் இருபத்தாறு. இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஏப்ரல் மாதத்திலிருந்து சட்டையே போடாத மனுஷர். நாலு மணி டம்ளரைக் கொண்டுபோனால், "அப்புறமா குடிக்கிறேன், வையி" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மே 13, புதன்

நேற்று எடை மூன்று கிலோ. ஒரு நாள் ஏசியில் அவ்வளவுதான் தெரியும். வெள்ளிக்கிழமை இரண்டுக்கு வரும் என்று டாக்டரம்மாவிடம் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறது என்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். இப்போது தலைமாடு காலண்டர் பக்கம். எனக்கு அந்தக் குளிரில் முழங்கால் குடைகிறது. மதியம் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். "நீ போயி நல்லா தூங்கு, கதவ சாத்திக்கினு போ, காத்து போயிடும்" என்று அவரே அனுப்பிவைக்கிறார்.

எறும்பு மருந்து வாங்கவேண்டும். தலைமாட்டில் சாரை சாரையாகப் போகிறது.

மே 15, வெள்ளி

மூன்று கிலோ அறுநூறு.

தராசு கெட்டுவிட்டது என்றேன். நர்ஸ் தானே ஏறிக் காட்டினாள். நான் ஏறினேன். சரியாகத்தான் இருக்கிறது. கதவில் கோடு எட்டு எட்டாக இருக்கிறது, ஒன்றுகூட ஒன்பது இல்லை. "வீட்ல வேற யாராவது தண்ணி குடுக்கறாங்களா?" என்றாள். வீட்டில் நானும் அவரும்தான் என்றேன்.

மே 16, சனி

ஏசித் தண்ணீர் விழுகிற வாளியை அளந்தேன். காலையிலிருந்து மாலை வரை ஆறு லிட்டர். அரை லிட்டர் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். குறையவில்லை.

"இன்னா, நான் ஏசித் தண்ணிய குடிக்கிறேன்னு பாக்கறியா?" என்றார்.

"கண்டக்டரா இருந்தவரு. எத்தன பேருக்கு டிக்கெட்டு இல்லாம எடம் குடுத்திருப்பீங்களோ."

சிரித்தார். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஆனாலும் வருடக்கணக்கில் இல்லாத சிரிப்பு.

எறும்பு மருந்து போட்டும் போகவில்லை.

மே 17, ஞாயிறு

காலையில் பல் தேய்க்கும்போது பாட்டு முனகுகிறார். சாப்பிடும்போது, "ஏகாம்பரம் பொண்ணுக்கு ஓசூர்ல வேல கெடச்சிருக்குதாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"பால்காரன்."

எங்களுக்குப் பால் பாக்கெட்டில் வருகிறது. தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மே 18, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை எழுதாமல் சும்மா இருந்தால் மனது எங்கெங்கோ போகிறது.

காலை எட்டு மணிக்கு எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. "கால்ல பலமே இல்ல மரகதம்" என்றார். கை விரலும் மடங்கவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். ஈசிஜி எடுத்ததும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏழைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். உடனே டயாலிசிஸில் போட்டார்கள்.

"இளநீர் குடுத்தீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க. நல்ல கிட்னிக்கு இளநீர் நல்லது. இவருக்கு அது விஷம். அதுல இருக்கற பொட்டாசியம் வெளிய போகவே போகாது. முதல் நாளே லிஸ்ட்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

அந்த லிஸ்ட் எங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இளநீர் முதல் வரி. என் வீட்டுக்குள் ஒரு இளநீரும் வரவில்லை என்று சத்தியம் செய்தேன். டாக்டரம்மா என்னை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மே 19, செவ்வாய்

பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் வைத்திருந்து அனுப்புவார்களாம். கையைப் பிடித்துக்கொண்டு, "யார் குடுத்தது?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

இம்தியாஸுக்குப் போன் போட்டேன். ஏசியில் ஏதோ கோளாறு, அதிலிருந்து ஏதோ ஒழுகுகிறது, நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. இருந்தாலும் என்னைத் தவிர எதிலாவது தப்பு இருந்தாகவேண்டும் இல்லையா?

மே 20, புதன்

மாற்றுத்துணி எடுக்க மதியம் வீட்டுக்கு வந்தேன். இம்தியாஸ் ஏசியைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. ஒரு சொட்டு ஒழுகல."

கட்டிலை நகர்த்திவிட்டு உட்கார்ந்து எறும்புச் சாரையைப் பார்த்தார். அது தரையிலிருந்து சுவரில் ஏறி, காலண்டருக்கு அடியில் போகிறது. சுவரில் தண்ணீர் வழிந்த தடம். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இனிப்பு வாசன அடிக்குதும்மா."

காலண்டரைத் தூக்கினார். நான் திணித்த துண்டைக் காணோம். ஓட்டையிலிருந்து ஒரு முழம் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற மட்டக்குழாய். முனையில் ஒரு துணி மூடி, நூல் கட்டியிருந்தது.

குழாயை இழுத்திருப்பேன் போல. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ணா. வந்துட்டியா? மூணு நாளா சத்தத்தையே காணோம். நான் பாட்டுக்கு என்னென்னமோ நெனச்சிக்கினு ஒக்காந்திருக்கறேன். இரு, இளநீ வெட்டி வச்சிருக்கறேன், விடறேன்."

குழாய்க்குள் இளநீர் வருகிறது. என் கண் முன்னால் ஏறி வந்து, என் கைமேல் கொட்டியது.

"ஏகாம்பரம், நான் மரகதம்" என்றேன்.

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்தது. நான் செருப்புகூடப் போடவில்லை. தெருவில் இறங்கி, பதினைந்து தப்படி நடந்து, ஒன்பது வருடமாக மிதிக்காத படியை மிதித்து உள்ளே போனேன்.

கஜலட்சுமி முறத்தோடு எழுந்து நின்றாள். அவளைத் தாண்டிச் சந்துக்குப் போனேன். நீளமான இருட்டறை. அரிசி டப்பா, சிமெண்ட் மூட்டை, ஓரத்தில் குலையோடு இளநீர். ஏகாம்பரம் சாரப் பலகை ஒன்றில் உட்கார்ந்திருந்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. மடியில் அரிவாள்.

"அண்ணி" என்று எழுந்தான்.

"அவரு ஆஸ்பத்திரில இருக்கறாரு. திங்கக்கெழம செத்திருப்பாரு. நீ குடுத்த இளநீயில."

இளநீர் அவருக்கு ஏன் விஷம் என்று விளக்கினேன். கத்தவில்லை. கத்துகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. அவன் அரிவாளைக் கீழே வைத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கத்திரி வெயில்ல இளநீ குடுத்தா தப்பா அண்ணி? நாக்கு ஒட்டிக்குதுடான்னாரு. செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோவுல போறத பாக்கறேன். என்னான்னு கேக்க முடியல. எனக்குத் தெரிஞ்ச மருந்து அது ஒண்ணுதான்." அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அறுபது வயது ஆம்பளை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடிய சதை அண்ணனைக் கொன்றிருக்கும். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் கஜலட்சுமி முந்திக்கொண்டாள்.

"இது குடுக்கக் கூடாதுன்னு சொல்ல ஆளு இருந்தாதான தெரியும்? ஜனவரி மாசத்துலருந்து இவரு ராவும் பகலும் இந்தப் பலகமேலதான். சுவத்துல காத வச்சி அண்ணன் இருமறாரான்னு கேட்டுக்கினு. எங்கயும் வேலைக்கிப் போறதில்ல. கட்டிலாவது போட்டுத் தரலாம்னு பாத்தேன். மூணடிக் கட்டிலு. உள்ள நொழையல. பேப்பர்ல மூணடி. வந்து அளந்து பாருங்க, இருக்குதான்னு."

கட்டில் அங்கேதான் வாசலில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. கால்களில் சுவர் உரசிய சுண்ணாம்பு.

அளக்கவேண்டியதில்லை. எனக்கு ஒன்பதாம் தேதியிலிருந்தே தெரியும். சுவர் பதினாலு அங்குலம். நான் ஒன்பது என்று போட்டேன். இரண்டு பக்கமும் அறையை அளந்து, சுவருக்கு ஆபீஸ் வழக்கப்படி ஒன்பது போட்டுக் கூட்டிவிட்டேன். சுவரின் கனத்தை அளக்கவே இல்லை. ஐந்து அங்குலம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. சந்து இரண்டடி ஏழு அங்குலம். அவன் தலையைச் சொறிந்தபோதே சரியாகச் சொன்னான். அவள் கூடத்தில் சொன்னதும் சரி.

"அஞ்சு அங்குலம் கஜா. தப்பு என்னுது" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் சொம்பையும் நின்றபடியே குடித்தேன். ஜனவரியிலிருந்து அவர் எதிரில் நான் தண்ணீர் குடித்ததில்லை. சமையலறையில் குடித்தாலும் இரண்டு மடக்குக்கு மேல் இறங்குவதில்லை. இன்று முழுசாக இறங்கியது.

மே 21, வியாழன்

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. கட்டிலில் படுக்கவைத்ததும் முதலில் காலண்டரைப் பார்த்தார். ஓட்டை தெரிந்துவிட்டது என்று சொன்னேன்.

"இளநீ கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு? சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டியிருக்குது."

"தெரியும்."

"அப்புறம்?"

"ஒம்பது வருஷம் கழிச்சி தம்பி குடுக்கறான். வேணாம்னு எப்படிச் சொல்றது? வேணாம்னா அந்தக் கொழா திரும்பப் போயிடும்."

அவரைத் திட்டத் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, இந்த நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினேன். பேசக்கூடாது என்று நான் சொன்னதே இல்லை என்று ஏழாம் தேதி எழுதியிருக்கிறேன். சொன்னதில்லைதான். அவர் வாசலில் தம்பியைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் ஏகாம்பரத்தை நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். ஏசி அறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றான். "வாடா, காத்து போவுது, கதவ சாத்து" என்றார் இவர். வந்தான்.

மே 23, சனி

எட்டு டம்ளரையும் இனிமேல் ஏகாம்பரம்தான் கொடுக்கிறான். நானே ஒப்படைத்தேன். என்னைவிடக் கறார். நேற்று ரசத்தைக்கூட டம்ளரில் ஊற்றி அளந்துவிட்டுத்தான் சாதத்தில் விட்டான். "ஏழாவது அண்ணா, இன்னும் ஒண்ணுதான்" என்று கண்டக்டருக்கே கண்டக்டராகிவிட்டான். இவர் என்னிடம் முறையிடுகிறார். எனக்கு மதியத் தூக்கம் திரும்பக் கிடைத்திருக்கிறது.

எறும்பு போய்விட்டது.

மே 26, செவ்வாய்

ஒரு கிலோ எண்ணூறு. பொட்டாசியம் ஐந்துக்குக் கீழே. டாக்டரம்மா இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?" என்றார். ஏசி போட்டோம் என்றேன்.

மே 28, வியாழன்

கத்திரி கழிந்தது. வெயிலுக்கு அது தெரியாது, இன்றும் நாற்பது. நமக்குக் கணக்கு முடிந்தது.

இம்தியாஸ் சிமெண்ட் கலவையோடு வந்தார். ஓட்டையை அடைக்கவேண்டும். குளிர் அந்தப் பக்கம் போய் வீணாகிறது, அதுவுமில்லாமல் ஏகாம்பரம் இப்போது வாசல் வழியாகத்தான் வருகிறான். அடைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பத்து நிமிஷம் பொறுங்கள் என்றேன்.

புது பிளான் வரைந்து வைத்திருந்தேன். சந்து இரண்டடி ஏழு அங்குலம் என்று போட்டு, அது முழுக்கத் தம்பி பங்கு, எங்களுக்கு அதில் பாத்தியம் இல்லை என்று எழுதி, நானும் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சுவருக்கு மட்டும் அளவு போடாமல் விட்டிருந்தேன். யானைக்கும் அடி சறுக்கும், சரி. இரண்டு தடவை சறுக்கக்கூடாது.

"கஜா, அந்தப் பக்கம் வா" என்றேன்.

ஓட்டையில் அவள் கண் தெரிந்தது. டேப்பின் முனையைத் துளைக்குள் நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"சுவரோட சமமா பிடி. இழுக்காத."

"எனக்குத் தெரியும்க்கா. மேஸ்திரி பொண்டாட்டி நான்."

இந்தப் பக்கம் நான் படித்தேன். "பதினாலு" என்றேன்.

"பதிமூணே முக்கால். என் பக்கம் பூச்சு கால் அங்குலம் துருத்திக்கினு இருக்குது. அதையும் சேத்து அளக்கறீங்க."

"பூச்சும் சுவருதான்."

"பூச்சு நாங்க பூசுனது. போன வருஷம். உங்க சுவத்துக்கு எங்க சிமெண்டு."

இம்தியாஸ் கலவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். கட்டிலில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. போன தடவை அவள் சொன்னதும் சரியாக இருந்ததே.

சிவப்பு மையில் பதின்மூன்றே முக்கால் என்று எழுதினேன். கீழே, 'அளந்தவர்கள்' என்று போட்டு, என் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதினேன்.